நான் இல்லாத நிமிடங்கள்

அறுபத்தாறு வயதில் எனக்கு வலிப்பு நோய் என்று சொன்னார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் "இந்த வயசுலயா?" என்றார்கள். மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "வெளிய சொல்லிக்கிடாதீங்க" என்றார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தளவாய்புரத்தில் எங்கள் வீட்டு மாடியில் நைட்டி தைக்கும் யூனிட் நடத்துகிறேன். பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. சில மிஷின்கள், தைக்க வரும் பெண்கள், சந்தைக்குப் போகும் மூட்டைகள். துணியை அடுக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மிஷினில் வெட்டுவது மட்டும் என் வேலை. அதை யாரிடமும் விட்டதில்லை. என் கணவர் செல்லையா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேக்கிங்கும் பார்சலும் அவர் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் கோமதி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம்.

நோய் எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் வருவதுதான் அந்த நோய். எனக்கு நினைவிருக்கிற முதல் சம்பவம், எலாஸ்டிக்கும் நூலும் வாங்க ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து டிக்கெட் வாங்கியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது கண்டக்டரின் முகம்.

"எம்மா, எம்புட்டு நேரமாக் கூப்புடுதேன். பஸ் ஸ்டாண்டு வந்து எல்லாரும் எறங்கியாச்சு."

தூங்கிவிட்டேன் போல என்று எழுந்தேன். கையில் டிக்கெட் சின்னச் சின்னத் துணுக்காகக் கிழிந்து கிடந்தது. எதற்காக வந்தேன் என்பது சுத்தமாக மறந்திருந்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஞாபகம் திரும்பி வரும்வரை போகிற வருகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கூடியது. சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்றார்கள். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே பதில் இல்லாமல் போய்விடுகிறேன் என்றாள் என் மகள். பேத்தியின் காதுகுத்து போட்டோவை அவள் காட்டியபோதுதான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. போட்டோவில் நான் இருக்கிறேன். அரக்குச் சேலை கட்டி, பிள்ளையின் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு சிரிக்கிறேன். அந்த நாளே என்னிடம் இல்லை. சேலை மட்டும் பீரோவில் இருந்தது.

கோமதி என்னை ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். சர்க்கரை, பிரஷர், தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். ஒரு காகிதத்தில் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். கொஞ்சம் முன்னால் சொன்ன மூன்று பொருட்களின் பெயரைக் கேட்டார்கள். இரண்டைச் சொன்னேன். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம், இனிமேல் கூடிக்கொண்டுதான் போகும் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல நான் எப்போதும் பயந்ததில்லை. காலையில் பல் விளக்கும்போதே எங்கள் தெரு வீடுகளை வரிசையாக மனதுக்குள் சொல்லிப்பார்ப்பேன். யார் யார் வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எந்த ஊரில். ஒன்றும் தப்பாது. சைஸ் வாரியாக மார்பளவு, உயரம், கை நீளம் எல்லாம் சொல்லிப்பார்ப்பேன். அதுவும் தப்பாது. அப்படியென்றால் காதுகுத்து எங்கே போனது? நாள் முழுக்கத் தெளிவாக இருந்துவிட்டு, நடுவில் மட்டும் ஓட்டை விழுந்ததுபோல் இருந்தது. மறதி நோய் என்றால் இப்படியா இருக்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. டாக்டர் சொல்லிவிட்டார், மகள் அழுதுவிட்டாள், அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"கட்டிங் மிஷின்ல கைய வச்சுக்கிட்டு எங்கயாவது மறந்து நின்னா என்னம்மா ஆகும்?" என்றாள் கோமதி. "மிஷினையெல்லாம் குடுத்துருவோம். நீயும் அப்பாவும் எங்க வீட்டுக்கு வந்துருங்க."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சேத்தூர்க்காரர் ஒருவர் வந்து மிஷின்களை ஓட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப்போனார். அவர் ஒவ்வொரு மிஷினிலும் உட்கார்ந்து மிதித்த சத்தத்தைக் கீழே அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் மாடிக்கும் போகவில்லை, என் பக்கமும் வரவில்லை. வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் குடிபோகவிருந்த அறையைப் பார்க்கத்தான் அந்த முறை நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். ரத வீதிக்குப் பின்னால் உள்ள தெருவில் கோமதி வீடு. காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அடுத்து, தலைக்கு மேலே பச்சை பெயின்ட் அடித்த ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கையில் குளுக்கோஸ் ஏறியது. நாக்கு வீங்கி, வாயெல்லாம் இரும்பு ருசி. உடம்பு, யாரோ துவைத்துப் பிழிந்து போட்டதுபோல் இருந்தது. சேலை மாற்றியிருந்தார்கள். ஏன் மாற்றினார்கள் என்று புரிந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளங்கையில் சாவிக்கொத்தின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து இரும்பைக் கையில் திணித்திருக்கிறார்கள். ஒருவர் கரண்டியை வாயில் வைக்கப் பார்த்து, நல்லவேளையாக மருமகன் தடுத்திருக்கிறார். இரும்பால் வலிப்பு நிற்காது. எப்படியும் ஒன்றிரண்டு நிமிடத்தில் அது தானாக நிற்கும், பெயர் இரும்புக்குப் போகும். இதைப் பின்னால் டாக்டர்தான் எனக்குச் சொன்னார்.

டியூட்டி டாக்டர் இளம்பெண். "இது ஃபிட்ஸ். இந்த வயசுல முதல்தடவையா வந்திருந்தா காரணம் பாக்கணும். நரம்பு டாக்டர்கிட்ட கண்டிப்பாக் காட்டுங்க" என்று எழுதிக்கொடுத்தார். மதுரையிலிருந்து வாரத்தில் ஒரு நாள் ராஜபாளையத்துக்கு வரும் நரம்பு மருத்துவர் ஒருவர் இருந்தார். தளவாய்புரத்திலிருந்து என் கணவரும் நேராக அங்கே வந்து சேர்ந்தார்.

அந்தக் காத்திருப்பு அறையில் உட்கார இடமில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வயதுத் தாய், மடியில் நாலைந்து வயதுப் பையன். "யாருக்குப் பாக்க வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அம்மாவுக்குத் தலைவலி" என்றாள் கோமதி முந்திக்கொண்டு.

"இவனுக்கு வலிப்பு. பொறந்ததுல இருந்து வருது. இப்ப மாத்திரையில நல்லா இருக்கான்" என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

டாக்டர் நிதானமான மனிதர். கத்தை ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு முதலில் கூட வந்தவர்களிடம்தான் கேட்டார். "இப்ப கீழ விழுந்தது சரி. அதுக்கு முன்னால எப்பவாவது பேசிக்கிட்டு இருக்கும்போதே அப்படியே வெறிச்சுப் பாத்தது உண்டா? கூப்பிட்டாப் பதில் சொல்லாம?"

"மறதிதான் சார். வேற ஒண்ணுமில்ல" என்றாள் கோமதி.

டாக்டர் என் கணவரைப் பார்த்தார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். பிறகு, "இருக்கு சார்" என்றார்.

"என்ன பாத்தீங்கன்னு சொல்லுங்க."

"வாய் மெல்லும். வெத்தல போட்ட மாதிரி. வாயில ஒண்ணும் இருக்காது. வலது கை சேல முந்தியப் புடிச்சுப் புடிச்சு விடும். கண்ணு தொறந்துதான் இருக்கும், ஆனா நம்மளப் பாக்காது. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் இருக்கும். பொறவு வந்துருவா. வந்தாலும் செத்த நேரம் கேட்டதையே கேப்பா."

"எவ்வளவு நாளா?"

"வருசத்துக்கு மேல இருக்கும்."

என்னைப் பற்றித்தான் பேசினார். ஆனால் நான் பார்க்காத ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. அந்தப் பெண் என் சேலையைக் கட்டிக்கொண்டு, என் வாயை மென்றுகொண்டு, என் வீட்டுக்குள் ஒரு வருடமாக வந்துபோயிருக்கிறாள். எனக்குத்தான் அவளைத் தெரியாது.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றாள் கோமதி.

"மறதி நோயோட சேந்ததுன்னு நெனச்சேன். அதையும் சொன்னா மிஷினை இன்னும் சீக்கிரமா எடுத்துருவீக. அது இல்லன்னா இவ என்ன செய்வா?"

டாக்டர் அவரைக் கோபிக்கவில்லை. "நீங்க இப்ப சொன்னதுதான்யா பாதி வைத்தியம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். மூளை வேலை செய்வதே மிக மெல்லிய மின்சாரத்தில்தான். ஓர் இடத்தில் அது திடீரென்று தாறுமாறாகப் பாய்ந்தால் அதற்குப் பெயர்தான் வலிப்பு. மூளை முழுக்கப் பரவினால் கீழே விழுந்து கைகால் இழுக்கும். ஓர் ஓரத்தோடு நின்றுவிட்டால், வெறித்த பார்வையும் வாய் மெல்லுவதும் மட்டும்தான் இருக்கும். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் வரும். அதனால்தான் பலருக்கு மறதி என்றும் மயக்கம் என்றும் பெயர் வைத்துவிடுகிறார்கள்.

"அப்ப எனக்கு மறதி நோய் இல்லையா?" என்று கேட்டேன்.

"இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா வலிப்பு வர்ற நேரத்துல நடந்தது மூளையில பதியாது, சில சமயம் அன்னைக்கு நடந்ததே மொத்தமா அழிஞ்சுரும். முதல்ல வலிப்பை நிறுத்துவோம். பொறவு மிச்சம் என்ன இருக்குன்னு பாப்போம்."

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்துத் தலையைச் சுற்றித் தகரம் தட்டுகிற மாதிரி சத்தம். இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே சின்னதாக ஒரு தழும்பு தெரிந்தது. எப்போதோ வந்து, எனக்கே தெரியாமல் போன மிகச் சிறிய பக்கவாதம் விட்டுச்சென்ற தழும்பு. பிரஷர் மாத்திரையை நான் நினைத்தால் போடுவதும் நினைத்தால் விடுவதுமாக இருந்ததன் பலன் அது என்றார்கள். அங்கிருந்துதான் மின்சாரம் கிளம்புகிறது போலும். இ.இ.ஜி. என்று தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் படம் எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. கோமதி முகம் மலர்ந்தது. டாக்டர் தலையை ஆட்டினார். "அந்த அரை மணி நேரத்துல வரலைங்கறது மட்டும்தான் இதுக்கு அர்த்தம்மா" என்றார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, கேமரா வைத்து நீண்ட நேரம் பதிவு செய்யச் சொன்னார்.

அங்கே தலை முழுக்க ஒயரோடும் தலைப்பாகை மாதிரி கட்டோடும் கட்டிலிலேயே கிடந்தேன். எதிர்ச் சுவரில் கேமரா. கூட ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். கோமதி இருக்கிறேன் என்றதற்கு, "நான்தான் இருப்பேன்" என்று என் கணவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செலவு எவ்வளவு என்று இதில் எழுத முடியவில்லை. கோமதி அந்தப் பில்லை இன்றுவரை என் கண்ணில் காட்டவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் அது வந்தது என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன், என் கணவர் மாட்டைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான். மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரைக் காட்டி, கோடுகள் எங்கே கொந்தளிக்கின்றன என்று கோமதிக்கு விளக்கினார். "என்னைய எனக்குக் காட்டுங்க" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள் கோமதி. டாக்டர் யோசித்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார்.

கட்டிலில் நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று முகத்திலிருந்து ஆள் போய்விடுகிறது. இதைவிட வேறு மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாய் மெல்லுகிறது. வலது கை போர்வையைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. பார்க்க அருவருப்பாக இருந்தது, திரையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

அப்போதுதான் திரையில் என் கணவரின் குரல் கேட்டது. நர்ஸைக் கூப்பிட மணியை அழுத்திவிட்டு, என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, பதறாமல் பேசுகிறார். "ஒண்ணுமில்ல பாக்கியம். நான் இங்கதான் இருக்கேன். கான்சாபுரத்துல உங்க அண்ணன் வீட்டு மாடு கன்னு போட்டுருக்காம். கெடாரிக் கன்னாம். சீம்பால் குடுத்துவிடுறேன்னு சொல்லிருக்காக. நம்மதான் வீட்ல இல்ல." இப்படியே நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என் வாய் நிற்கிறது. கண் அவர் முகத்துக்கு வருகிறது. "எந்த மாடு?" என்று கேட்கிறேன். "செவலை மாடு" என்கிறார் அவர், பேச்சு அறுபடாமல் நடந்ததுபோல.

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வருடமாக இந்த மனிதர், பேச்சே வராதவர், நான் போகிற ஒவ்வொரு முறையும் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது வெறுமைக்குள் வந்து விழக்கூடாது, ஏதாவது ஒரு பேச்சின் நடுவில் வந்து சேரவேண்டும் என்பதற்காக. அதனால்தான் எனக்குத் தெரியவே இல்லை. அந்த அன்பினால் வைத்தியம் ஒரு வருடம் தள்ளிப்போனது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

மறதி மாத்திரையை நிறுத்தினார்கள். வலிப்புக்கு மாத்திரை தொடங்கினார்கள். வயதானவர்களுக்கு எதையும் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றவேண்டும், மற்ற மாத்திரைகளோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். முதல் மாத்திரையில் வலிப்பு நின்றது. ஆனால் நான் வேறு ஆளாகிவிட்டேன். எதற்கெடுத்தாலும் கோபம். தையல் சரியில்லை என்று பேச்சியம்மாள் மேல் நைட்டி மூட்டையையே தூக்கி எறிந்தேன். அவள் எங்களிடம் தொடக்கத்திலிருந்து இருப்பவள். எறிந்துவிட்டு நானே உட்கார்ந்து அழுதேன். இதுதான் என் குணம் என்று நினைத்து மாத்திரையை நானாகவே நிறுத்தப்போனேன். என் கணவர்தான் டாக்டருக்குப் போன் போட்டார். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. "அது அவங்க கோபம் இல்லைங்க, மாத்திரையோட கோபம். திடீர்னு நிறுத்தக் கூடாது, மாத்தித் தாரேன்" என்றாராம். இரண்டாவது மாத்திரையை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். தோலில் தடிப்பு வந்தால் உடனே வரச் சொன்னார்கள். தினமும் என் முதுகை என் கணவர் பார்த்துச் சொல்வார். தடிப்பு வரவில்லை. கோபமும் இறங்கியது.

சில மாதம் கழித்து டாக்டர் சொல்லி மறுபடி கடிகாரம் வரைந்தேன். மூன்று பொருட்களையும் சொன்னேன். கோமதி அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று சேத்தூர்க்காரருக்குப் போன் போட்டாள். "எங்கம்மாவுக்கு மறதி இல்லைங்க. வலிப்புதான், அதுவும் இப்ப இல்ல. மிஷின் குடுக்கல" என்றாள். வலிப்பு என்ற வார்த்தையை அவள் வெளியாளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

கட்டிங் மிஷினை இப்போதைக்குத் தொடக்கூடாது. மொபெட் ஓட்டக்கூடாது. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக்கூடாது. நான் கோடு போட, பேச்சியம்மாள் வெட்டுகிறாள். அவள் வெட்டு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் குறை ஒன்றும் இல்லை.

மாடியில் எல்லாரையும் உட்காரவைத்து நானே சொன்னேன். "எனக்கு வலிப்பு இருக்கு. வந்துச்சுன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க, கையில இரும்பு குடுக்காதீங்க. மணியப் பாத்துக்கோங்க. அஞ்சு நிமிசத்துக்கு மேல போனா நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

பேச்சியம்மாள்தான் கேட்டாள். "நீங்க பேசாம இருந்தா, அது வந்துருச்சா, இல்ல எங்க மேல கோவமா இருக்கீகளான்னு எப்படிக்கா கண்டுபுடிக்க?"

"கோவமா இருந்தா நேரா மூஞ்சியப் பாத்து மொறைப்பேன்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

காதுகுத்து திரும்பி வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிருந்தது. மாடியில் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. நானும் அவரும் கீழே பாயில் உட்கார்ந்து பட்டன்களை நிறம் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நான் அப்படிப் போயிருந்தப்ப எல்லாம் எங்கிட்ட என்னதான் பேசுனீங்க? தெனமும் மாடு கன்னுதானா?"

அவர் பட்டனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையும் பேசிருக்கேன். உனக்குக் கேக்காதுன்னு தைரியந்தான்."

"என்ன எல்லாம்?"

"மில்லுல ஒருதடவ என்னைய நிப்பாட்டிட்டாங்க. கோமதி சின்னப்புள்ள அப்ப. உங்கிட்ட சொல்லல. காலையில நீ கட்டிக்குடுக்குற சோத்த எடுத்துக்கிட்டு வேலைக்குப் போற மாதிரியே போயிருவேன். திரும்பக் கூப்புடுற வரைக்கும் அப்படித்தான்."

ஐம்பது வருடத்தை எட்டப்போகிற குடித்தனத்தில் இது எனக்குத் தெரியாது. கையிலிருந்த பட்டனைக் கீழே வைத்தேன்.

"சோத்த எங்க வச்சுச் சாப்புட்டீங்க?"

"அணைக்கட்டுப் பக்கம். மலையடிவாரத்துல ஒரு புளியமரம் இருக்கும்ல, அதுக்கடியில."

"தனியாவா?"

"தனியாத்தான்."

கரண்ட் வந்தது. மாடியில் மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. நான் எழுந்திருக்கவில்லை. மிச்சத்தையும் சொல்லுங்கள் என்றேன்.